தடம் கொடுத்த டீச்சர்

சாந்தாமணி டீச்சர் தப்பாக வாசித்து யாரும் கேட்டதில்லை. திருச்செங்கோட்டில் முப்பத்தொரு வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த விழா என்றாலும் ஆண்டறிக்கை வாசிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லில் குரல் இறங்க வேண்டும் என்பதெல்லாம் கண் பட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஈரோட்டு வாசிப்பு மையத்திலிருந்து டாக்டர் ரிஸ்வானா வீடு தேடி வந்து, உங்கள் வாசிப்பு எங்களுக்கு வேண்டும் என்று கேட்டபோது அவர் அதிகம் ஆச்சரியப்படவில்லை. ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்றுதான் நினைத்தார்.

ரிஸ்வானா பொறுமையாக விளக்கினாள். சில பிள்ளைகளுக்கு அறிவில் ஒரு குறையும் இருக்காது. நன்றாகப் பேசுவார்கள், கணக்குப் போடுவார்கள், பார்த்த படத்தின் கதையை அப்படியே சொல்வார்கள். எழுத்தைப் பார்த்தால் மட்டும் திணறுவார்கள். 'கொக்கு' என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. நடுவில் இருக்கும் எழுத்தோடு இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது நடப்பதே தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் அது மலை ஏறுகிற வேலை. நன்றாக வாசிக்கும் ஒருவரின் மூளை எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியைப் பதிவு செய்து, தலையில் கட்டும் ஒரு பட்டை மூலம், பிள்ளை வாசிக்கும்போதே அதை மெல்ல உணர்த்தினால், எட்டு மாதத்தில் பிள்ளையின் மூளை அந்த வழியைத் தனதாக்கிக்கொள்ளும். அப்புறம் பட்டையே வேண்டாம். அந்தப் பதிவை மையத்தில் 'தடம்' என்று சொன்னார்கள்.

பத்துப் பேரைப் பதிவு செய்து பார்த்தார்கள். முதல் பகுதி சாதாரண வாசிப்பு. இரண்டாவது, பிழைப் பகுதி. பிள்ளைகள் தடுமாறி வாசித்த ஒலியை ஓடவிடுவார்கள். அதே பக்கத்தைக் கண்ணால் தொடர்ந்து வர வேண்டும். எங்கே தப்பு என்று மூளை உணர்கிறதோ அந்த இடத்தைக் கருவி குறித்துக்கொள்ளும். தன் தப்பைத் தானே உணரத் தெரிந்தால்தான் பிள்ளை தானாக வாசிக்க முடியும் என்றாள் ரிஸ்வானா. பத்துப் பேரில் சாந்தாமணிதான் முதலில் வந்தார். மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். அவருடைய தடமே நாற்பத்தொரு பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டது.

எட்டு மாதம் கழித்து நடந்த விழாவில் நாற்பத்தொரு பேரும் மேடையேறி வாசித்தார்கள். நேத்ரா என்ற ஒன்பது வயதுப் பெண், முன்பு தன் பெயரையே எழுத்துக் கூட்டியவள், ஒரு பக்கத்தைத் தங்குதடையின்றி வாசித்து முடித்தாள். அவளுடைய அம்மா பூங்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாந்தாமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நேத்ராவின் வாயிலிருந்து தன் நிறுத்தங்களும் தன் ஏற்ற இறக்கங்களும் வருவதைக் கேட்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்று வாரம் கழித்துப் பூங்கொடி வீட்டுக்கு வந்தாள். விசைத்தறியில் வேலை செய்கிறவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தாள்.

"படிக்கறாளுங்க டீச்சர். நல்லாத்தான் படிக்கறா. என்னையத்தான் சேத்த மாட்டீங்கறா."

முன்பெல்லாம் தாயும் மகளும் சேர்ந்துதான் எழுத்துக் கூட்டுவார்களாம். ரேஷன் கடையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை ஆளுக்கு ஒரு சொல்லாக வாசித்து, தப்பானால் இருவரும் சிரிப்பார்களாம். இப்போது அம்மா வாசிக்க வாயெடுத்தாலே மகள் மூக்கைச் சுளிக்கிறாள். ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வாந்தி எடுத்துவிட்டாள். தானே எங்காவது தடுக்கினால் முழங்கையின் உள்பக்கத்தை நகத்தால் கிள்ளிக்கொள்கிறாள். பூங்கொடி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்னக் கையில் பிறைபிறையாக நீலம் பாய்ந்திருந்தது.

சாந்தாமணி தேறுதலாகப் பேசினார். பிள்ளைக்குப் புதிதாக ஆர்வம் வந்திருக்கிறது, தப்பில்லாமல் இருக்க ஆசைப்படுகிறது, கொஞ்ச நாளில் சரியாகிவிடும், நீயும் தினமும் வாசித்துப் பழகு என்றார். பூங்கொடி எழுந்து, அந்த விளாவில எவ்வளவு சந்தோசமா இருந்தோம் என்றாள். "விழா" என்று திருத்தினார் சாந்தாமணி. அவள் தலையைக் குனிந்துகொண்டு, விழா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்திய பிறகுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் மையத்துக்குப் போனார். ஆறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் புதிதாகச் சேர்ந்தவன், இன்னும் பட்டை கட்டாதவன். அவன் முறை வந்தது. மூன்றாவது சொல்லில் தடுக்கினான். அந்த நொடியில் மற்ற ஐந்து முகங்களும் ஒன்றுபோல மாறின. உதட்டின் இடது ஓரம் கீழே இறங்கியது. ஒரு புருவம் ஏறியது. மூக்கின் வழியாகச் சின்னதாக ஒரு காற்று வெளியே வந்தது. ஐந்து பிள்ளைகள், ஒரே முகம்.

அது யாருடைய முகம் என்று சாந்தாமணிக்குத் தெரிந்தது. அவர் ஓய்வு பெற்ற அன்று மாணவிகள் ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண் மேடைக்கு வந்து, ஒரு சொல்லும் பேசாமல், இதே மாதிரி உதட்டை இறக்கி மூக்கால் காற்று விட்டாள். மண்டபமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று அதை அன்பு என்று நினைத்திருந்தார்.

ரிஸ்வானா பழைய பதிவுகளைத் திரும்பப் பார்க்க நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தப்பைக் கண்டுபிடிக்கிறது மூளையில ஒரு வேலை டீச்சர். கெட்டுப்போன சாப்பாட்டை வாயில வச்சா துப்பச் சொல்றது வேற வேலை. உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாவே நடக்குது. அதை நாங்க வேகம்னு எடுத்துக்கிட்டோம். தப்பு எங்களுது."

"அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு?"

"வாசிப்பு மட்டும் தனியா போகல. தப்பா வாசிக்கிறவங்க மேல உங்களுக்கு இருக்கறதும் சேர்ந்தே போயிருக்கு. அவங்க தப்பா வாசிச்சா, அது அவங்க மேலேயே திரும்புது."

வகுப்பில் தடுமாறுகிற பிள்ளைகளை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ரிஸ்வானா கேட்டாள்.

"நான் ஒரு பிள்ளையக்கூட அடிச்சதில்ல" என்றார் சாந்தாமணி. அது உண்மை. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய உண்மை என்பதால் உடனே வாயில் வந்தது.

பேருந்தில் திரும்பும்போது மாதேஸ்வரனின் நினைவு வந்தது. ஆறாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. அவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் அவர் அடிக்க மாட்டார். புத்தகத்தில் அந்த எழுத்தின் மேல் விரலை வைக்கச் சொல்வார். "எல்லாரும் சொல்லுங்க" என்பார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொல்லும். பிறகு அவன் தனியாகச் சொல்ல வேண்டும். மணி அடிக்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. அதைப் பயிற்சி என்றுதான் அவர் நம்பினார். எட்டாவதில் அவன் வருவதை நிறுத்திவிட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனான். அவனைப் போல எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருப்பதாக ரிஸ்வானா சொல்லியிருந்தாள். பழைய தடத்தின் மேல் இன்னொருவரின் தடத்தைப் பதிக்கலாம். மையத்தில் இருந்தவர்களையெல்லாம் பதிந்து பார்த்தாள். நன்றாக வாசிக்கிற எல்லோரிடமும் அந்தச் சுளிப்பு கூடவோ குறையவோ இருந்தது. வேண்டியது தப்புத் தப்பாக வாசிக்கிற ஆள். அதே சமயம், வாசிப்பதை விடாத ஆள். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பதில்லை, தப்பாக வாசிக்கிறவர்கள் எல்லாம் சீக்கிரமே வாசிப்பை விட்டுவிடுகிறார்கள் என்று அவள் வருத்தப்பட்டாள்.

கிடைக்கிற ஒருவனைச் சாந்தாமணிக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மாதேஸ்வரன் புதுமனை புகுவிழா அழைப்பிதழோடு வந்திருந்தான். கண்ணாடி கையில் இல்லாததால் அவர் அவனையே வாசிக்கச் சொன்னார். அவன் நிதானமாக வாசித்தான். நின்றான். பின்னால் போய் மறுபடி வந்தான். முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. அவனுடைய சொந்த வீட்டு அழைப்பிதழில் அவர் அவனை இரண்டு இடத்தில் திருத்தினார். விழாவுக்கும் போகவில்லை.

அவனைத் தேடிப் போவதற்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. பத்தாம் நாள் பூங்கொடி போன் செய்து, நேத்ரா பள்ளிக்குப் போக மறுக்கிறாள் என்றாள். அன்று கிளம்பினார்.

சங்ககிரி சாலையில் இருந்த ரிக் பட்டறையில் மாதேஸ்வரன் மேஸ்திரியாக இருந்தான். இப்போதெல்லாம் துளை போடுவதை இயந்திரமே பார்த்துக்கொள்கிறது. ஆனால் துளையிடும் முனையான பிட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். டீச்சரைப் பார்த்ததும் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். "நீங்க" என்று ஆரம்பித்தார்.

"நீன்னே சொல்லுங்க டீச்சர். நீங்கன்னா வேற யாரையோ கூப்படற மாதிரி இருக்குது."

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். அந்த ஐந்து முகங்களைச் சொன்னார். அது தன் முகம் என்றும், அதை முதலில் பார்த்தவன் நீதான் என்றும் சொன்னார். மன்னித்துக்கொள் என்றார். பட்டறையில் இருந்த இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மாதேஸ்வரன் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றான். "நீங்க மூஞ்சியச் சுளிச்சதுகூடப் போகட்டுங்க. எல்லாரையும் சேந்து சொல்லச் சொல்லுவீங்க பாருங்க, அதுக்கப்பறம் பசங்க வெளையாடக்கூட என்னைய சேத்தலீங்க. பள்ளிக்கூடம் விட்டும் அதையேதான் சொல்லிட்டு வருவானுங்க."

அது அவருக்குத் தெரியாது. வகுப்பு முடிந்த பிறகும் அது தொடர்ந்திருக்கும் என்று முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

பிறகு எப்படி வாசிக்கக் கற்றாய் என்று கேட்டார். அவன் சொன்னான். வடக்கே சத்தீஸ்கரில் பஸ்தர் காட்டுப் பக்கம் வேலைக்குப் போயிருந்தபோது போன் பேசச் சிக்னல் கிடைக்காது. எப்போதாவது குறுஞ்செய்தி மட்டும் வந்து விழும். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி எழுதுவதைக் கூட இருக்கிறவர்களிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

"அடுத்தவன் வாயில அவ சொல்றதக் கேக்கப் புடிக்கலீங்க. நானே உக்காந்தேன். ஒரு மெசேஜுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தப்பாப் படிச்சா அர்த்தம் வராது, திரும்பப் படிப்பேன். அவ என்ன கோவிச்சுக்கவா போறா? இப்பவும் அப்படித்தானுங்க படிக்கறேன்."

அவன் வருவதாக ஒப்புக்கொண்டான். அவர் கிளம்பி வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தான்.

"அந்தப் புள்ளைங்களுக்காக வர்றேனுங்க. நீங்க மன்னிப்புக் கேட்டீங்களே, அத நான் இன்னும் யோசிக்கோணும்."

பதிவு தொடங்கிய அன்று சாந்தாமணி அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் ரிஸ்வானா பதிவை நிறுத்திவிட்டு அவரிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, நீங்கள் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டாள். மாதேஸ்வரனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் திரையில் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கு முன்பும் பயம் ஒரு முறை எகிறியது. நாற்பத்தெட்டு வயது ஆளுக்கு. சாந்தாமணி பையை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தார். அவன் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆறு ஞாயிறும் அவர் படிக்கட்டுக்கு அந்தப் பக்கம், அவன் கண்ணில் படாத இடத்தில் இருந்தார்.

தடம் நன்றாக அமைந்தது. தப்பு வரும்போது அவன் மூளை அதை உணர்ந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. அவ்வளவுதான். அதில் துப்புவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பிள்ளைகளுக்கு உடனே கொடுக்க ரிஸ்வானா பயந்தாள். ஒன்றை எடுக்கப் போய், கற்ற வாசிப்பும் போய்விட்டால்? பழைய தடம் ஏற்கெனவே பதிந்திருக்கிற ஒருவரிடம் சோதித்துப் பார்த்தாக வேண்டும். பிள்ளைகளைத் தவிர அப்படி ஒருவர்தான் உண்டு என்று சொல்ல வந்து, சொல்லாமல் நிறுத்தினாள்.

"எனக்குக் கட்டு" என்றார் சாந்தாமணி.

நான்கு மாதம் பட்டை கட்டிக்கொண்டார். வாசிப்பு போகவில்லை. வேகம் போனது. இருபது நிமிடத்தில் முடிக்கிற நாளிதழ் மதியம் வரை இழுத்தது. சில கூட்டெழுத்துகளில் கண் மாட்டிக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாக 'கொ' என்ற எழுத்து மூன்று துண்டாகத் தெரிந்தது. எவராவது பிழையாகப் பேசினால் எரிச்சல் இன்னும் வரத்தான் செய்தது, ஆனால் தங்காமல் போனது. பக்கத்து வீட்டில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது, கண்ணாடி இல்லை என்று பொய் சொன்னார். பொய் சொன்ன பிறகு, இதே பொய்யைத் தன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மையத்தின் இயக்குநர் விஷயத்தைப் பெரிதாக்க விரும்பவில்லை. இரண்டாம் கட்டப் பயிற்சி என்று சொல்லி மாதேஸ்வரனின் தடத்தைக் கொடுத்துவிடலாம், பெற்றோருக்கு எல்லாம் விளக்க வேண்டியதில்லை என்றார். சாந்தாமணி ஒத்துக்கொள்ளவில்லை. என் தடம், நானே சொல்கிறேன் என்றார்.

பெற்றோர் கூட்டத்துக்கு நாற்பத்தொரு குடும்பமும் பிள்ளைகளோடு வந்திருந்தன. தான் என்ன செய்தோம் என்பதை அவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். விரலை எழுத்தில் வைக்கச் சொன்னது, வகுப்பைச் சேர்ந்து சொல்லச் சொன்னது, எல்லாம். மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். வாசித்துத்தான் சொல்வது என்று முடிவு செய்திருந்தார். இரண்டாவது வரியிலேயே தடுக்கியது.

மண்டபம் முழுவதும் அந்த முகம் எழுந்தது. நாற்பத்தொரு உதடுகள் ஒரே பக்கம் இறங்கின. சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்தான். டீச்சருக்கு என்னவோ உடம்பு சரியில்லை என்று பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள். அவர் பின்னால் போய், மறுபடி வந்து, அடுத்த சொல்லுக்குப் போனார். ஒரு பக்கத்தை முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

புதிய தடத்துக்கான சம்மதப் படிவங்களைக் கொடுத்தார்கள். வேகம் குறையலாம் என்பதும் அதில் இருந்தது. முதலில் எழுந்து வந்தவர் வழக்கறிஞர் லோகநாதன், பத்து வயது மகனோடு. படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார். அவர் தன் பழைய மாணவர் என்பது சாந்தாமணிக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"என்னையும் அப்படித்தான் டீச்சர் விரல வச்சு நிக்க வச்சீங்க. அந்த வெக்கத்துலதான் படிச்சேன். இன்னைக்குக் கோர்ட்ல நின்னு பேசறேன்னா அதுக்கு நீங்கதான் காரணம். எம் பையனுக்கும் அது இருக்கட்டுமுங்க."

குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சாந்தாமணி வாயைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், உன் பையன் கையைத் திருப்பிப் பார் என்று சொல்ல வேண்டும். வெற்றுப் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரை இப்படி அவமானப்படுத்தியதில்லை. அந்த மனிதரோ கண் கலங்க நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று பதினேழு படிவங்கள் வெறுமையாகத் திரும்பின.

கடைசியாகப் பூங்கொடி வந்தாள். கையெழுத்து மட்டும் போதாது, சம்மதம் என்பதைச் சொந்தக் கையால் எழுத வேண்டும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் மேசையில் குனிந்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். 'சம்மதிக்கிறேன்' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பக்கத்தில் நின்ற நேத்ரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் வலது கை தன் இடது முழங்கையைத் தேடிப் போனது.

சாந்தாமணிக்குள்ளும் அது எழுந்தது. நாலு மாதப் பட்டைக்குப் பிறகும், சின்னதாக, பழகிய இடத்தில். அவர் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். நேத்ரா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பூங்கொடி எழுதியதை மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசித்து முடிக்கும்வரை இருவரும் ஒன்றும் சொல்லாமல் நின்றார்கள்.